ஒரு சுவரும் ஐந்து வரைபடங்களும்

இளம் அறிவியல் (கணினி அறிவியல்), மூன்றாம் ஆண்டு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டும் பெருஞ்செலவு பிடிப்பவை என்பதே இதன் பொருள் என்று பலரும் கொள்வர். எனக்கு வேறொரு பொருளும் தோன்றுகிறது. இரண்டிலும் பலர் கூடி வேலை செய்கின்றனர். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் சரியாக விழ வேண்டும். விழாவிட்டால் கல்யாணத்தில் பந்தி குறையும். கட்டடத்தில் சுவரை இடிக்க நேரும்.

கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், மதிப்பீட்டாளர் ஆகிய பல துறையினர் ஒரே கட்டடத்தைப் பற்றிய செய்திகளைக் கணிப்பொறி வழியே எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பகிர்வினால் எது கைகூடும், எது கைகூடாது என்பதையும் ஈண்டுக் காண்போம்.

நான் கண்ட நிகழ்ச்சி

என் தாய்மாமா கட்டட மேஸ்திரி. சென்ற ஆண்டு பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில் அவரோடு கூலி வேலைக்குச் சென்றேன். மூன்று தளங்கள் கொண்ட ஒரு கட்டடம். தரைத்தளத்தின் மேல் கான்கிரீட் போட்டு முடித்து, முதல் தளத்தில் கழிப்பறைச் சுவரை எழுப்பிக்கொண்டிருந்தோம். கழிவுநீர்க் குழாய் இறங்கத் துளையிடுவதற்காகக் குழாய்ப் பணியாளர் வந்தார். அவருடைய உதவியாள் உளியை வைத்து நாலு அடி அடித்ததும் உள்ளே கம்பி தெரிந்தது. மாமா ஓடிவந்து சுத்தியலைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்துக்கு நேர் கீழே பீம் சென்றுகொண்டிருந்தது.

"அண்ணே, என் பேப்பர்ல குழாய் இங்கதான் போட்டிருக்கு" என்றார் குழாய்ப் பணியாளர்.

"என் பேப்பர்ல பீமும் இங்கதான் தம்பி போட்டிருக்கு" என்றார் மாமா.

இருவர் கையிலிருந்த தாள்களையும் விரித்துப் பார்த்தோம். இருவர் சொன்னதும் உண்மை. கட்டமைப்பு வரைபடம் முதலில் தயாராகியிருந்தது. அதன் பின்னர் கட்டட உரிமையாளரின் விருப்பப்படி கழிப்பறை ஒன்றரை அடி நகர்த்தப்பட்டிருந்தது. திருத்திய வரைபடம் குழாய்ப் பணியாளருக்குக் கிடைத்தது. கட்டமைப்புப் பொறியாளருக்குப் போய்ச் சேரவில்லை. தாள்களின் மூலையில் தேதிகள் தெளிவாகவே இருந்தன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தவர்தாம் ஒருவருமில்லை.

பொறியாளர் வந்து பார்த்தார். பீமில் கை வைக்கக் கூடாது, கழிப்பறையைப் பழைய இடத்துக்கே மாற்றுக என்றார். எழுப்பிய சுவரை இடித்து மீண்டும் கட்டினோம். நான்கு பேருக்கு இரண்டு நாள் வேலை. "நீங்கள் பார்த்துக் கட்டியிருக்க வேண்டும்" என்று சொல்லி அந்த இரண்டு நாள் கூலியை ஒப்பந்தக்காரர் கொடுக்கவில்லை. அன்று மாலை கை கால் கழுவும்போது மாமா என்னிடம் சொன்னார்: "எல்லார் பேப்பரும் சரிதான் மாப்ளே. கட்டடம்தான் தப்பு."

அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. கல்லூரி திறந்ததும் நூலகத்திலும் கணினி ஆய்வகத்திலும் இதைப் பற்றியே தேடலானேன்.

ஒரே சுவர், ஐந்து பார்வை

ஒரு செங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். கட்டடக்கலைஞருக்கு அது இரண்டு அறைகளைப் பிரிக்கும் எல்லை. கட்டமைப்புப் பொறியாளருக்கு அது பாரம் தாங்கும் சுவரா, பீமின் மேல் பாரமாக உட்காரும் சுவரா என்பதே கேள்வி. மின்பணியாளருக்கு அது பட்டி வெட்டிக் குழாய் பதிக்கும் இடம். குளிர்சாதனம் அமைப்பவருக்கு வெயிலின் வெப்பம் உள்ளே நுழையும் பரப்பு. மதிப்பீட்டாளருக்கோ இத்தனை செங்கல், இத்தனை மூட்டை சிமெண்ட், இத்தனை ஆள் கூலி.

ஐவரும் ஐந்து வரைபடங்கள் வரைகின்றனர். சுவர் ஒன்றே. யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையை நாம் அறிவோம். அக்கதையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. காலைத் தொட்டவரும் காதைத் தொட்டவரும் தாங்கள் தொட்டது ஒரே யானையை என்பதை அறிந்துகொள்ள ஒரு வழி இல்லாமற்போனதே அங்குள்ள குறை. கட்டடத் துறையில் அந்த வழியைத் தேடிய வரலாறு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கொண்டது.

கோடும் பொருளும்

கணிப்பொறியில் வரைவது என்றால் முதலில் கோடு இழுப்பதாகவே இருந்தது. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் வரைபலகையின் வேலையைத் திரைக்கு மாற்றின. வேலை விரைந்தது. ஆயினும் திரையில் தெரியும் இரண்டு இணைகோடுகள் ஒரு சுவர் என்பது மனிதருக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. அதற்கு அவை கோடுகளே.

இதற்கு மாற்றான எண்ணம் அதற்கு முன்னரே பிறந்துவிட்டது. அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஈஸ்ட்மன், வரைபடங்களுக்குப் பதிலாகக் கட்டடத்தின் முழு விவரணையையே கணிப்பொறியில் வைக்கலாம் என்று 1975இல் எழுதினார். சுவரைச் சுவராகவும் கதவைக் கதவாகவும் பதிவு செய்ய வேண்டும். மாற்றத்தை ஓரிடத்தில் செய்தால் அதிலிருந்து எடுக்கப்படும் வரைபடங்கள் யாவும் தாமே திருந்தும். இன்று கட்டடத் தகவல் மாதிரி, சுருக்கமாகப் 'பிம்', எனப்படும் முறைக்கு இவ்வெண்ணமே வித்து எனலாம்.

தொண்ணூறும் இருபதும்

ஆனால் ஒவ்வொரு துறையும் தன் வேலைக்கேற்ற மென்பொருளைத் தனித்தனியே வளர்த்துக்கொண்டது. ஒன்று எழுதுவதை மற்றொன்று படிக்காது. இங்கே ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பத்து மென்பொருள்கள் இருப்பின், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதுக்கும் மொழிபெயர்க்க வேண்டுமானால் 10 × 9 = 90 மொழிபெயர்ப்பு நிரல்கள் தேவை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மொழி இருந்தால், பொதுமொழியில் எழுத ஒன்று, அதைப் படிக்க ஒன்று என 10 × 2 = 20 போதும். பதினோராவது மென்பொருள் வந்தால் முதல் முறையில் இருபது நிரல்கள் கூடும். இரண்டாவதில் இரண்டே கூடும்.

அந்தப் பொதுமொழியே ஐ.எஃப்.சி. 1994இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அமெரிக்க நிறுவனங்கள் சிலவற்றை ஒன்றுகூட்டியதில் தொடங்கிய முயற்சி, பின்னர் பல நாட்டினரும் பங்குகொள்ளும் பொது அமைப்பாக வளர்ந்தது. அவ்வமைப்பு 2005 முதல் பில்டிங்ஸ்மார்ட் என்ற பெயரில் இயங்குகிறது. மொழியின் முதல் பதிப்பு 1997இல் வெளிவந்தது. 2013இல் அது ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் உலகத் தரமாயிற்று. சாலை, இருப்புப்பாதை, பாலம், துறைமுகம் ஆகியவற்றையும் உள்ளடக்கிய 4.3 பதிப்பு 2024இல் உலகத் தரமாக வெளியாயிற்று. பின்லாந்தில் அரசுக் கட்டடங்களைப் பேணும் நிறுவனம் 2007ஆம் ஆண்டிலேயே தன் பணிகளுக்கு இம்மொழியில் மாதிரிகளைக் கேட்கத் தொடங்கிவிட்டது.

கோப்பைத் திறந்தபோது

எங்கள் ஆய்வகத்தில் ஓர் ஐ.எஃப்.சி. கோப்பைச் சாதாரண உரைதிருத்தியில் திறந்து பார்த்தேன். படம் எதுவும் இல்லை. எழுத்து வரிகளே இருந்தன. முதல் வரி, எந்த உலகத் தரத்தின்படி கோப்பு எழுதப்பட்டது என்று சொல்கிறது. பின் வரும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். ஒரு வரி மற்றொரு வரியை அதன் எண்ணைச் சொல்லி அழைக்கிறது.

மனைக்குள் கட்டடம், கட்டடத்துக்குள் தளங்கள், தளத்துக்குள் அறைகள் என்று அடுக்கு அமைந்துள்ளது. ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு கதவுக்கும் 22 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறி உண்டு. வரியின் எண் கோப்புக்குக் கோப்பு மாறலாம். அடையாளக் குறி மாறாமல் நிற்க வேண்டும். நமக்கு வகுப்பில் வரிசை எண் ஆண்டுதோறும் மாறினாலும் பதிவெண் மாறாமல் இருப்பதைப் போன்றது இது.

என்னைக் கவர்ந்தது கதவைச் சொல்லும் முறை. கதவு நேராகச் சுவரில் பொருத்தப்படுவதில்லை. சுவரில் ஒரு திறப்பு வெட்டப்படுகிறது என்பது ஓர் உறவு. அத்திறப்பைக் கதவு நிரப்புகிறது என்பது மற்றோர் உறவு. இதை மாமாவிடம் சொன்னபோது, "இதுல என்ன புதுசு? மொதல்ல வழி விட்டுக் கட்டுறோம், அப்புறம்தானே நிலை வைக்கிறோம்" என்றார். கொத்தனாரின் கை அறிந்த ஒழுங்கைக் கணிப்பொறி எழுத்தில் கண்டது எனக்கு வியப்பாகவும் பெருமையாகவும் இருந்தது.

சேர்வதும் சேராததும்

பொதுமொழி இருந்துவிட்டால் எல்லாம் பழுதின்றிப் போய்ச் சேர்ந்துவிடுமா? நானே ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். ஒரு மென்பொருளில் இரண்டு அறைகளும் ஒரு படிக்கட்டும் வரைந்து, ஐ.எஃப்.சி. வழியாக மற்றொன்றில் திறந்தேன். சுவரும் கதவும் நன்றாகவே வந்தன. படிக்கட்டு உருவத்தில் படிக்கட்டாக இருந்தது. பெயரில் 'இன்னதென்று சொல்லப்படாத பொருள்' என்று வந்து நின்றது. கண்ணுக்குப் படிக்கட்டு, கணக்குக்கு வெறும் கட்டி. மதிப்பீட்டாளர் 'படிக்கட்டுகள் எத்தனை' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றே விடை வரும்.

இரண்டாவது சோதனையில் தவறு என்னுடையது. ஒரு மாதிரியை அறையின் மூலையிலிருந்தும், மற்றொன்றை நிலவரைபடத்தின் ஆயங்களிலிருந்தும் அளந்து வைத்தேன். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் ஒன்று மட்டுமே திரையில் தெரிந்தது. மற்றது பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது! எது தொடக்கப் புள்ளி, எந்த அலகு, எந்தத் திசை வடக்கு என்பவற்றை வேலை தொடங்கும் முன்னரே பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

எல்லோரும் ஒரே கோப்பில் கை வைத்துத் திருத்துவார்கள் என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். நடைமுறை அவ்வாறில்லை. கட்டடக்கலைஞரின் மாதிரி கட்டமைப்புப் பொறியாளருக்குப் பார்ப்பதற்காகத் தரப்படுகிறது. அவர் அதன் மேல் தம் மாதிரியை வைத்துப் பார்க்கிறார், அதைத் திருத்துவதில்லை. திருத்தும் உரிமையும் பொறுப்பும் உருவாக்கியவரிடமே இருக்கின்றன. முற்காலத்தில் ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த வழக்கத்தின் தொடர்ச்சியே இது.

இவ்வாறு மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததும், குழாய் பீமுக்குள் புகுகிறதா என்று கணிப்பொறி தேடிச் சொல்லிவிடும். இதற்கு மோதல் ஆய்வு என்று பெயர். கண்டுபிடித்த மோதலைத் தெரிவிக்க முழு மாதிரியையும் அனுப்ப வேண்டியதில்லை. பொருளின் 22 எழுத்துக் குறி, எந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது, என்ன சிக்கல் என்ற குறிப்பு ஆகியவை மட்டும் அடங்கிய சிறு கோப்புக்கும் ஒரு பொது வடிவம் உண்டு. அது பி.சி.எஃப். எனப்படும். எங்கள் கட்டடத்தின் இரண்டு மாதிரிகளும் இருந்திருந்தால், உளி தொட்ட இடத்தைக் கணிப்பொறி சில நொடிகளில் காட்டியிருக்கும்.

கான்சாஸ் நகரில் நடந்தது

ஆயினும் செய்தி போய்ச் சேர்வது வேறு, அது ஆராயப்படுவது வேறு. இவ்வேறுபாட்டைத் தாள் வரைபடங்களின் காலத்தில் நிகழ்ந்த ஒரு பெருந்துயர் நமக்கு உணர்த்துகிறது.

1981 ஜூலை 17ஆம் நாள் அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்து ஹையட் ரீஜென்சி விடுதியில் மாலை நடன விருந்து நடந்துகொண்டிருந்தது. கூடத்தின் மேலே இரண்டாம் தள மட்டத்திலும் நான்காம் தள மட்டத்திலும் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் கூரையிலிருந்து கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்தன. அவை இரண்டும் அறுந்து விழுந்தன. 114 பேர் மாண்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

காரணம் ஒரு சிறு மாற்றம். முதல் வடிவமைப்பின்படி கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும். எஃகு வேலை செய்தவர்களின் வரைபடத்தில் அது இரண்டு துண்டுகளாயிற்று. கூரையிலிருந்து நான்காம் தளப் பாலத்துக்கு ஒரு கம்பி. அந்தப் பாலத்திலிருந்து இரண்டாம் தளப் பாலத்துக்கு மற்றொரு கம்பி. நம் வீட்டு உறியை எண்ணிப் பாருங்கள். ஒரே கயிற்றில் மேலும் கீழுமாக இரண்டு பானைகளைத் தனித்தனியே கட்டினால், ஒவ்வொரு முடிச்சும் ஒரு பானையைத் தாங்கும். மேல் பானையின் அடியிலிருந்து கீழ்ப் பானையைத் தொங்கவிட்டாலோ, மேல் முடிச்சு இரண்டையும் தாங்க வேண்டும். பாலத்தில் நேர்ந்ததும் அதுவே. நான்காம் தள இணைப்பின் மேல் பாரம் இரட்டிப்பாயிற்று. முதல் வடிவமைப்பே விதிகள் கோரிய வலிமையில் 60 விழுக்காடு அளவுக்குத்தான் இருந்தது என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

கவனிக்க வேண்டியது இதுதான்: மாற்றம் மறைக்கப்படவில்லை. வரைபடம் பொறியாளர் அலுவலகத்துக்குச் சென்று, ஒப்புதல் முத்திரையுடன் திரும்பி வந்தது. அந்த இணைப்பின் வலிமையைக் கணக்கிடுவது மற்றவர் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தனர். செய்தி பகிரப்பட்டது, ஆராயப்படவில்லை. ஐ.எஃப்.சி. அன்று இருந்திருந்தாலும், இரண்டு கம்பிகளையும் பிழையின்றிக் காட்டியிருக்கும். மோதல் ஆய்வு 'மோதல் இல்லை' என்றே சொல்லியிருக்கும். பாரத்தை யார் கணக்கிட்டார் என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

நான்கு நிலைகள்

இக்குறையை நீக்கவே 2018இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் தரம் கோப்பின் வடிவத்தைப் பற்றியன்றிப் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது. அதன்படி எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு கோப்பும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். ஒரு குழு இன்னும் செய்துகொண்டிருப்பது முதல் நிலை. மற்றத் துறையினர் பார்ப்பதற்காகப் பகிர்ந்தது இரண்டாம் நிலை. ஒப்புதல் பெற்று, பயன்படுத்தலாம் என வெளியிட்டது மூன்றாம் நிலை. பழையதாகிக் காப்பகத்துக்குப் போனது நான்காம் நிலை. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் ஒருவர் சரிபார்த்துத் தம் பொறுப்பில் விட வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் நிலையில் இருப்பதாக மாமா நம்பிய தாள், கழிப்பறை நகர்ந்த அன்றே நான்காம் நிலைக்குப் போயிருக்க வேண்டியது. அதைச் சொல்ல ஆளில்லை.

இழப்பு யாருக்கு?

அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2004இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப் பேசாததால், அந்நாட்டுக் கட்டடத் துறையின் பெரும்பணிகளில் 2002ஆம் ஆண்டில் 1580 கோடி டாலர் வீணாயிற்று என்று அது மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 1060 கோடி கட்டட உரிமையாளர்கள், கட்டடத்தைப் பேணுவோர் தலையில் விழுந்தது. வரைந்தவர்கள் இழந்தது அதைவிட மிகக் குறைவு. பிழை பிறக்கும் இடம் ஒன்று. அதன் விலையைக் கொடுக்கும் இடம் மற்றொன்று.

நான்கு பேரின் இரண்டு நாள் கூலி எந்த அறிக்கையிலும் ஏறாது. ஆயினும் அதுவும் இக்கணக்கைச் சேர்ந்ததே என்று நான் கருதுகிறேன்.

முடிவுரை

இது பொறியியல் கல்லூரிக்கு உரிய பாடம், நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 'தளத்தின் உயரம்' என்றால் தரையிலிருந்து தரைக்கா, தரையிலிருந்து கூரையின் அடிப்பகுதிக்கா? 'அறையின் பரப்பு' என்றால் சுவரையும் சேர்த்தா, சேர்க்காமலா? சொல்லுக்குப் பொருளை வரையறுப்பதும், பொருள்களை வகைப்படுத்துவதும், உறவுகளை எழுதுவதும் கணிதமும் தருக்கமும் மொழியும் பயிலும் மாணவர்களுக்கு உரிய வேலைகளே. ஐ.எஃப்.சி. கோப்புகளைத் திறக்கும் கட்டணமில்லா மென்பொருள்களும் இன்று கிடைக்கின்றன. ஆர்வமுள்ள நண்பர்கள் தம் வீட்டின் ஓர் அறையை எடுத்து முயன்று பார்க்கலாம்.

நம் ஊரில் எழும் சிறிய கட்டடங்கள் பலவற்றுக்கு மாதிரியும் மோதல் ஆய்வும் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் அவற்றின் சாரத்தைக் கைக்கொள்ளக் கணிப்பொறி வேண்டியதில்லை. மாமா இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். சென்டரிங் அடிப்பதற்கு முன்பு குழாய்ப் பணியாளரையும் மின்பணியாளரையும் அவரவர் தாள்களோடு வரச் சொல்கிறார். தாள்களைத் தரையில் அருகருகே விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் செங்கல் வைக்கிறார். முதலில் தேதியைப் படிக்கச் சொல்கிறார். தேதிகள் ஒத்துப்போனால்தான் வேலை தொடங்கும். விடுமுறை நாள்களில் அந்தத் தேதிகளைப் படித்துச் சொல்பவன் நான்.